ஓடிவிடும் பிள்ளைக்குச் சேவை நாய்: ஒரு தாயாரின் கேள்விகளுக்கு விரிவான பதில்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வசிக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "எங்கள் மகனுக்கு ஆறு வயது. ஓட்டிசம் என்று மூன்று வயதிலேயே சொல்லிவிட்டார்கள். பத்துப் பதினைந்து சொற்கள்தான் பேசுவான். கை நழுவினால் ஓடிவிடுவான்; சென்ற கோடையில் கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு கார் மயிரிழையில் நின்றது. சேவை நாய் இருந்தால் பிள்ளை பேசத் தொடங்குவான் என்று ஒருவர் சொல்கிறார், முப்பதாயிரம் டொலருக்கு மேல் போகும் என்று இன்னொருவர் சொல்கிறார். நல்ல இனக் குட்டியொன்றை வாங்கி நாங்களே பழக்க முடியாதா? பாடசாலை அனுமதிக்குமா? மாமி நாயை வீட்டுக்குள் விடவே கூடாது என்கிறார். மொன்றியலில் உள்ள என் தங்கையின் மகளுக்குப் பெருமூளை வாதம், சக்கர நாற்காலியில் இருக்கிறாள்; அவளுக்கும் இப்படி ஒரு நாய் கிடைக்குமா?"

நான் இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் பதினான்கு ஆண்டுகளாகத் தொழில்வழிச் சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். சேவை நாய் பெற்ற குடும்பங்களையும், விண்ணப்பித்துப் பின்வாங்கிய குடும்பங்களையும், பெற்ற நாயைத் திருப்பிக் கொடுத்த குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன். ஒரு பயிற்சி நிலையத்துக்காகக் குட்டியொன்றை வளர்த்தும் கொடுத்திருக்கிறேன். உங்கள் மகன் ஓடுகிறான் என்பது விண்ணப்பிக்க நல்ல காரணம். அவன் பேச வேண்டும் என்பது விண்ணப்பிக்கக் காரணமே அல்ல. இந்த இரண்டையும் மனத்தில் பிரித்து வைத்துக்கொண்டால் மற்றக் கேள்விகளுக்கு விடை தானாகவே தெளிவாகும்.

ஓட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த நாய்களைப் பழக்கும் வேலையே அதிலிருந்துதான் தொடங்கியது. ஒன்ராறியோவின் கேம்பிரிட்ஜ் நகரில் 1996இல் தொடங்கப்பட்ட நேஷனல் சேர்விஸ் டோக்ஸ் என்ற நிறுவனம், ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்றே நாய்களைப் பழக்கிக் கொடுத்த முன்னோடிகளில் ஒன்று. அதுவரை வழிகாட்டி நாய் என்றால் பார்வையற்றவருக்கு, சேவை நாய் என்றால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு என்றுதான் பொதுவாக எண்ணப்பட்டது. ஓட்டிசத்துக்கான நாயின் அமைப்பு வேறு. பிள்ளையின் இடுப்பில் அகலமான பட்டியொன்று கட்டப்படும். அதிலிருந்து ஒரு வார் நாயின் முதுகுப் பட்டையோடு இணைக்கப்படும். நாயை நடத்தும் இன்னொரு வார் பெரியவரின் கையில் இருக்கும். பிள்ளை திடீரென்று ஓட முனைந்தால் வார் இறுகும். அந்த இழுப்பை உணர்ந்த உடனே நாய் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிடும், அல்லது பெரியவரின் கட்டளைக்குப் படுத்துவிடும். ஆறு வயதுப் பிள்ளை ஏறத்தாழ 20 கிலோ இருப்பான். நன்கு வளர்ந்த லப்ரடோர் 30 கிலோவுக்கு அண்மையாக இருக்கும். பிள்ளைக்கு ஓர் அடிக்கு மேல் நகர முடியாது, உங்களுக்கு அவன் கையைப் பிடிக்க இரண்டு நொடி கிடைக்கும். அந்த இரண்டு நொடிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் புரியும். ஒன்று, நாயை நடத்துபவர் எப்போதும் பெரியவரே. பிள்ளையை நாயோடு கட்டிவிட்டுப் பெரியவர் அப்பால் போவது பிள்ளைக்கும் நாய்க்கும் ஆபத்து. அதனாலேயே சில பயிற்சி நிலையங்கள் பிள்ளையை நாயோடு இணைக்கும் இந்த முறையைப் பயன்படுத்துவதே இல்லை. எனவே விண்ணப்பிக்கும்போதே அந்த நிலையம் இதைக் கற்பிக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றொன்று, பிள்ளை நாயைவிடக் கனமாகிவிட்டால் இந்த வேலை முடிந்துவிடும். சிறு வயதுப் பிள்ளைகளின் விண்ணப்பங்களை நிலையங்கள் விரும்புவதற்கு இது ஒரு காரணம். காத்திருப்பு இரண்டு மூன்று ஆண்டுகள் நீள்வது சாதாரணம் என்பதால், உங்கள் மகனின் விடயத்தில் இன்னும் ஓராண்டு யோசிக்கலாம் என்று தள்ளிப்போடும் நிலையில் நீங்கள் இல்லை.

ஓடுவது உங்கள் பிள்ளையின் குறும்பும் அல்ல, உங்கள் கவனக்குறைவும் அல்ல. அமெரிக்காவில் 1,218 ஓட்டிசப் பிள்ளைகளின் குடும்பங்களிடம் நடத்தப்பட்டு 2012இல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், 49 விழுக்காட்டினர் நான்கு வயதுக்குப் பிறகு ஒரு தடவையாவது பாதுகாப்பான இடத்தை விட்டு ஓட முயன்றிருந்தனர். 26 விழுக்காட்டினர் பெற்றோர் கலங்கும் அளவு நேரம் காணாமற் போயிருந்தனர். அப்படிக் காணாமற் போனவர்களில் 65 விழுக்காட்டினர் வாகன விபத்துக்கும் 24 விழுக்காட்டினர் நீரில் மூழ்கும் ஆபத்துக்கும் மிக அருகில் சென்று தப்பியவர்கள். உறவினர் வீட்டு விழாவில் "பிள்ளையைப் பார்க்கத் தெரியாதா" என்று கேட்பவர்களிடம் இந்த எண்களைச் சொல்லலாம். அவர்கள் கேட்பார்களா என்பது வேறு.

நாயின் மற்ற வேலைகள் நிலையத்துக்கு நிலையம் மாறும். பிள்ளை கலங்கி அழும்போது மடியிலோ கால்களின் மீதோ தலையையும் மார்பையும் வைத்துச் சாய்ந்து அழுத்தம் கொடுப்பது பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. கனமான போர்வை பல பிள்ளைகளை அமைதிப்படுத்துவது போன்றதே இதுவும். கையைக் கடிக்கும், தலையை மோதும் பிள்ளைகளை மூக்கால் தொட்டு இடைமறிக்கப் பழக்குவதும் உண்டு. 1998இல் தொடங்கி ஒஹாயோவின் ஸீனியா நகரில் இயங்கும் ஃபோர் போஸ் ஃபோர் எபிலிட்டி போன்ற நிலையங்கள், காணாமற் போன பிள்ளையை வாசனை பிடித்துத் தேடவும் நாய்களைப் பழக்குகின்றன. பயிற்சியே இல்லாமல் நாய் செய்வதும் ஒன்றுண்டு. தனியாகப் படுக்க மறுத்து இரவு மூன்று தடவை எழும்பும் பிள்ளை, கட்டிலின் அருகே நாய் படுத்திருந்தால் தூங்கிவிடுவதைப் பல பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது நடப்பதில்லை. நாயின் மூச்சு ஒலியையே தாங்க முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இனிப் பேச்சு. நாய் வந்த பின் பிள்ளை முதன்முதலாக நாயின் பெயரைச் சொன்னான் என்ற கதைகள் உண்மையாகவே நடக்கின்றன. ஆனால் ஆறு வயதில் ஒரு பிள்ளை புதிதாக ஒரு சொல்லைச் சொல்வதற்குப் பேச்சுச் சிகிச்சை, வயது, பாடசாலை, நாய் என்று நான்கு காரணங்கள் சேர்ந்திருக்கும்போது, நாய்க்கு மட்டும் மாலை போடுவது சரியல்ல. சேவை நாய் பேச்சை வளர்க்கும் என்று சொல்லுமளவுக்கு நம்பகமான சான்று இல்லை. உடலில் அளந்து பார்த்த ஆய்வு என்றால் கியூபெக்கில் சேவை நாய்களைப் பழக்கித் தரும் மிரா அறக்கட்டளையின் நாய்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2010இல் வெளியானதைச் சொல்லலாம். விழித்தெழுந்த அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலோரின் உடலில் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்தச் சுரப்பு உயரும். 42 ஓட்டிசப் பிள்ளைகளிடம் நாய் வருமுன் இந்த உயர்வு 58 விழுக்காடாக இருந்தது, நாய் வீட்டில் இருந்த வாரங்களில் 10 விழுக்காடாகக் குறைந்தது, நாயைச் சிறிது காலம் அகற்றியபோது மீண்டும் 48 விழுக்காட்டுக்கு ஏறியது. பெற்றோர் எண்ணிக் குறித்த சிக்கலான நடத்தைகளின் சராசரியும் 33இலிருந்து 25ஆகக் குறைந்தது. ஆனால் நாளின் மற்ற நேரங்களில் சுரப்பின் பொதுவான அளவு மாறவில்லை. நாய் பெறாத பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. நடத்தையைக் குறித்தவர்கள் நாய் வந்ததை அறிந்த பெற்றோரே. அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். அதிலிருந்து நியாயமாக எடுக்கக்கூடியது, நாய் இருக்கும் வீட்டில் பிள்ளையின் காலை நேரம் சற்று அமைதியாக அமையலாம் என்பது மட்டுமே.

என் அனுபவத்தில் பெரிய மாற்றம் பெற்றோரிடம்தான் தெரிகிறது. குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் பத்துக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து எழுதியதும் இதையே சொல்கிறது. பிள்ளையின் பாதுகாப்பு கூடியது, பெற்றோர் நன்றாக உறங்கினர், முன்பு போகவே முடியாத இடங்களுக்குக் குடும்பமாகப் போயினர், தெருவில் முறைத்துப் பார்த்தவர்கள் சிரித்துப் பேசத் தொடங்கினர். கடையில் பிள்ளை தரையில் விழுந்து கத்தும்போது, அருகில் சேவை நாயின் மேலங்கி இருந்தால் அது 'வளர்ப்புச் சரியில்லாத பிள்ளை' அல்ல என்பது எவரும் விளக்காமலே மற்றவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. இதைப் பெருமைப்படத்தக்க விடயமாக நான் கருதவில்லை. பிள்ளையைப் புரிந்துகொள்ள ஒரு நாய் தேவைப்படுகிறது என்பது நம்முடைய குறை. ஆனாலும் களைத்துப்போன தாய்க்கு அது உதவுகிறது.

செலவைப் பற்றி நீங்கள் கேட்ட தகவல் பாதி உண்மை. ஓக்வில்லில் 1983 முதல் இயங்கும் லயன்ஸ் ஃபவுண்டேஷன் ஒஃப் கனடா டோக் கைட்ஸ் நிறுவனத்தில், ஒரு நாயை வளர்த்துப் பயிற்றுவித்துக் குடும்பத்தோடு இணைக்கச் சுமார் 35,000 டொலர் ஆகிறது. ஆனால் அந்தத் தொகை நன்கொடையாகத் திரட்டப்படுகிறது. நாயைப் பெறுபவரிடம் வாங்கப்படுவதில்லை. அமெரிக்காவில் பல நிலையங்கள் குடும்பமே பெருந்தொகை திரட்டித் தர வேண்டும் என்கின்றன. நீங்கள் கேட்ட கதை அங்கிருந்து வந்திருக்கலாம். உங்கள் பையிலிருந்து போவது அதற்குப் பின்னான செலவு: உணவு, தடுப்பூசி, மிருக வைத்தியர், மாரிக்காலத்தில் நடைபாதை உப்பு பாதத்தை அரிக்காமலிருக்கக் காலணி. இவை எட்டு, பத்து ஆண்டுகள் தொடரும்.

அந்த 35,000 டொலர் எங்கே போகிறது என்று பார்த்தால், நாமே பழக்க முடியாதா என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும். நிலையங்கள் பெரும்பாலும் லப்ரடோர், கோல்டன் ரிட்ரீவர், இவற்றின் கலப்பு, மயிர் அதிகம் உதிராத பெரிய பூடில் ஆகியவற்றையே தெரிவுசெய்கின்றன. பல நிலையங்கள் தலைமுறை தலைமுறையாகக் குணம் பார்த்துத் தாமே இனப்பெருக்கம் செய்கின்றன. குட்டி எட்டு வாரத்தில் ஒரு தன்னார்வக் குடும்பத்துக்குப் போகும்; ஓராண்டு, ஒன்றரை ஆண்டு அங்கே வளர்ந்து பஸ், பாடசாலை, சந்தை, இடி, சமையலறைச் சத்தம் எல்லாவற்றையும் பழகும். பிறகு பயிற்சியாளரிடம் பல மாதங்கள். அதன் பின் குடும்பத்தின் பெரியவர் ஒருவர் நிலையத்தில் தங்கி, அந்த நாயோடு நடக்கப் பழக வேண்டும். இத்தனைக்குப் பிறகும் தொடங்கிய குட்டிகளில் ஏறத்தாழப் பாதி சேவை நாயாகத் தேறுவதில்லை.

நான் வளர்த்த குட்டி அந்தப் பாதியில் சேர்ந்தது. பதினான்கு மாதம் அதற்காக விடியற்காலையில் எழும்பினேன். அறிவும் அன்பும் உள்ள நாய், ஆனால் அணிலைக் கண்டால் உலகமே மறந்துவிடும். அணிலைத் துரத்த எண்ணும் நாயோடு ஒரு பிள்ளையைக் கட்டிவைக்க முடியாது. அதை ஒரு முதிய தம்பதி வளர்ப்பு நாயாக எடுத்துக்கொண்டார்கள்; அது அங்கே மகிழ்ச்சியாக இருக்கிறது, அணில்கள்தான் பாவம்.

நீங்கள் ஒரு குட்டியை வாங்கினால், அது தேறாத பாதியில் விழும் வாய்ப்பு பயிற்சி நிலையத்தில் இருப்பதைவிட அதிகம். அப்போது ஓடும் பிள்ளை, பழகாத குட்டி என்று கவனிக்க இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். சொந்தமாகப் பழக்கி வெற்றி கண்டவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள், தங்கள் தேவைக்குத் தாங்களே பழக்கியவர்கள். உடன் ஒரு தேர்ந்த பயிற்சியாளரும் இருந்தார். ஓடும் ஆறு வயதுப் பிள்ளையோடு இணைக்கப்படும் வேலைக்கு இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

இணையத்தில் மேலங்கியும் அடையாள அட்டையும் 'பதிவுச் சான்றிதழும்' விற்பவர்களிடமிருந்தும் விலகியிருங்கள். ஒன்ராறியோவில் சேவை நாய்களுக்கென்று அரசாங்கப் பதிவேடு கிடையாது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அல்பேர்ட்டாவிலும் தனிச் சட்டமும் சோதனையும் சான்றிதழும் உண்டு. சேவை நாயைக் கடை, பஸ் போன்ற இடங்களுக்குள் கொண்டுபோவது பற்றி இங்கே ஒழுங்குவிதி சொல்வது இதுதான்: மேலங்கி போன்ற வெளிப்படையான அடையாளத்தால் சேவை நாய் என்று தெரிய வேண்டும், அல்லது மருத்துவர், தாதி, உளவியலாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் போன்ற பதிவுபெற்ற சுகாதாரத் தொழிலர் ஒருவர் எழுதிய கடிதம் இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதக்கூடியவர்களில் நானும் ஒருத்தி. நான் எழுதுவது குறைபாட்டின் காரணமாக இந்த விலங்கு தேவை என்பது மட்டுமே. நாய் நன்றாகப் பழகியது என்பதற்கு என் கடிதம் சாட்சி அல்ல. இந்த இடைவெளியில்தான் போலிகள் பிழைக்கின்றன.

பாடசாலை விடயம் கடினமானது, அதில் கவனமாக இருங்கள். கடை, உணவகம், பஸ் ஆகியவற்றில் உள்ள உரிமை வகுப்பறைக்குள் அப்படியே செல்வதில்லை. 2017இல் ஒன்ராறியோ மனித உரிமைத் தீர்ப்பாயம், வாட்டர்லூ கத்தோலிக்கப் பள்ளி வாரியத்துக்கு எதிராக ஓட்டிசம் உள்ள ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனின் குடும்பம் தொடுத்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. நாய் வீட்டில் அவனுக்கு உதவியது என்பதில் சர்ச்சை இல்லை. வகுப்பில் கற்பதற்கு அந்த நாய் தேவை என்பது நிறுவப்படவில்லை, வாரியம் வேறு வழிகளில் அவன் தேவைகளை நிறைவேற்றியிருந்தது என்பதே தீர்ப்பின் சாரம். 2019 செப்டெம்பரில் மாகாணக் கல்வி அமைச்சு 163ஆம் இலக்கக் கொள்கைக் குறிப்பாணையை வெளியிட்டு, ஒவ்வொரு வாரியமும் சேவை விலங்கு பற்றிய எழுத்து மூலமான கொள்கையை வைத்திருக்க வேண்டும் என்றது. ஆகவே இன்று வாரியம் உங்கள் கோரிக்கையைப் பெற்று, ஆராய்ந்து, முடிவைக் காரணத்தோடு சொல்லக் கடமைப்பட்டது, சம்மதிக்கக் கடமைப்பட்டதல்ல. வகுப்பில் நாயை நடத்துபவர் யார், அலர்ஜி உள்ள பிள்ளையை, நாய்க்குப் பயந்த பிள்ளையை என்ன செய்வது என்ற கேள்விகள் வரும். ஆறு வயது மகனால் நாயை நடத்த முடியாது, ஆசிரியைக்கும் முடியாது. முதல் ஆண்டுகளில் நாய் வீட்டுக்கும் வெளியுலகுக்கும் மட்டும் போதும் என்று முடிவெடுத்த குடும்பங்களே என் பார்வையில் நிம்மதியாக இருக்கின்றன. காலையில் பாடசாலை வாசல்வரை நாய் வருவதே பல பிள்ளைகளுக்குப் போதுமாயிருக்கிறது.

உங்கள் தங்கையின் மகளுக்குரிய நாய் வேறு வகை. ஓட்டிசத்துக்கான நாய் பிள்ளையைத் தடுத்து நிறுத்துகிறது என்றால், இது பிள்ளையின் கையாகவும் காலாகவும் வேலை செய்கிறது: விழுந்த பென்சிலை எடுத்துக் கொடுக்கும், கதவில் கட்டிய கயிற்றை இழுத்துத் திறக்கும், விளக்கைப் போடும், சட்டைக் கையைப் பல்லால் பிடித்துக் கழற்றும். கலிஃபோர்னியாவில் 1975இல் தொடங்கப்பட்ட கெனைன் கொம்பேனியன்ஸ் நிறுவனம் இந்த வகையை உருவாக்கிய முன்னோடி. பிள்ளை சிறுமியாக இருந்தால் பெற்றோர் நாயை நடத்த, பிள்ளை கட்டளையிடும் மூவர் குழுவாகத் தொடங்குவார்கள். ஓட்டிசத்தில் போலன்றி, இங்கே பிள்ளை வளர வளர நாய் மெல்ல மெல்ல அவளுடைய கைக்கே போய்விடும். மொன்றியலில் இருப்பவருக்கு மிரா அறக்கட்டளையே முதல் முகவரி. 1981இல் தொடங்கப்பட்ட அது மொன்றியலுக்குக் கிழக்கே சென்ற் மடலெனில் இருக்கிறது. பார்வையற்றோர், உடலியக்கக் குறைபாடுள்ளோர், ஓட்டிசப் பிள்ளைகள் ஆகிய மூவகையினருக்கும் இலவசமாக நாய் தருகிறது. மற்ற நிலையங்கள் பதினாறு வயதுக்குட்பட்டவருக்கு வழிகாட்டி நாய் தரத் தயங்கியபோது, 1991 முதல் சிறுவர்களுக்கும் கொடுத்தது மிராதான். லப்ரடோரையும் பேர்னீஸ் மலைநாயையும் கலந்து அவர்களே உருவாக்கிய, 'லபர்னுவா' என்ற பெரிய உடல்வாகுள்ள கலப்பினம் அவர்களுடைய அடையாளம்.

இந்த வகை நாயைப் பற்றிய மிக முக்கியமான வழக்கு அமெரிக்காவில் நடந்தது. மிச்சிகனில் பெருமூளை வாதமுள்ள எலேனா ஃபிரை என்ற ஐந்து வயதுச் சிறுமிக்கு, ஊரார் பணம் திரட்டி 'வொண்டர்' என்ற நாயைப் பெற்றுக்கொடுத்தார்கள். 2009இல் அவள் மழலையர் வகுப்பில் சேர்ந்தபோது, உதவிக்கு ஒரு பெரியவரை ஏற்கெனவே நியமித்திருக்கிறோம், நாய் எதற்கு என்று பாடசாலை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. சிறப்புக் கல்விச் சட்டத்தின் விசாரணைகளையெல்லாம் முடித்துவிட்டுத்தான் வர வேண்டுமா என்பதே அங்கே கேள்வி. 2017 பெப்ரவரி 22 அன்று எல்லா நீதிபதிகளும் குடும்பத்துக்குச் சாதகமாகச் சொன்ன தீர்ப்பை எழுதிய எலேனா கேகன், இதே குறையை ஒரு நூலகத்துக்கோ நாடக அரங்குக்கோ எதிராகவும் சொல்லியிருக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார். முடியும் என்றால் அது கல்வியின் தரம் பற்றிய வழக்கல்ல, குறைபாடுள்ளவரை ஒதுக்கியது பற்றிய வழக்கு. கல்விச் சட்டத்தின் படிகளை ஏறிவிட்டு வர வேண்டியதில்லை. நாய் வகுப்புக்குள் வரலாமா என்பதை அந்தத் தீர்ப்பு முடிவுசெய்யவில்லை என்றாலும், பெரியவர் தூக்கிவிடுவதும் நாயின் துணையோடு தானே செய்துகொள்வதும் ஒன்றல்ல என்ற பெற்றோரின் வாதத்தை அந்த வழக்கு நாடறியச் செய்தது. கனடா நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் தங்கை பாடசாலையோடு பேசப் போகுமுன் அறிந்திருக்க வேண்டியது.

வலிப்புக்கும் நாய் உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு வலிப்பும் இருப்பதால் சொல்கிறேன். வலிப்பு வந்தபின் குரைத்து ஆளைக் கூப்பிடவும் அருகிலேயே இருக்கவும் நாயைப் பழக்கலாம். வருமுன் அறிந்து சொல்லப் பழக்கித் தருகிறோம் என்று உறுதி கூறுபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

விளம்பரப் படங்களில் வராத பக்கம் நாயினுடையது. குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே 2008இல் இந்த நாய்களின் நலனையும் ஆராய்ந்தார்கள். போதிய ஓய்வின்மை, வேலைக்குப் பின் ஆறுதலடைய நேரமின்மை, ஒழுங்கற்ற தினசரி வாழ்க்கை, விளையாட வாய்ப்பின்மை, பிள்ளை அறியாமல் செய்யும் துன்புறுத்தல் ஆகியவை நாயை வாட்டின. காதைப் பிடித்துத் தொங்கும் பிள்ளையை நாய் பொறுத்துக்கொள்ளும். பொறுப்பதாலேயே எவருக்கும் தெரியாமல் போகும். தினமும் ஒரு மணி நேரமாவது மேலங்கி இல்லாமல், பிள்ளையும் இல்லாமல் அது ஓடி விளையாட வேண்டும், அதை ஒரு பெரியவர் கூட்டிப் போக வேண்டும். மைனஸ் இருபது பாகைக் குளிரிலும் காலை ஆறு மணிக்கு வெளியே விட வேண்டும். உங்கள் வீட்டில் அந்தப் பெரியவர் யார்? இரண்டு பேரும் முழு நேர வேலை, மாமிக்கு நாயே ஆகாது என்றால், இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகே விண்ணப்பத்தை அனுப்புங்கள். நாய் திரும்பிப் போன வீட்டில் நடந்தது இதுதான். பிள்ளை அதை நேசித்தான், நடத்த ஆள் இல்லை.

ஓட்டம் பெரிய பிரச்சினையாக இல்லாத பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் சொல்வது, சேவை நாய்க்காகக் காத்திருக்க வேண்டாம், அமைதியான, வயது வந்த வளர்ப்பு நாயொன்றைத் தெரிந்தெடுங்கள் என்பதே. பிரித்தானியாவில் டோக்ஸ் ஃபோர் குட் நிறுவனம் ஓட்டிசப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு வளர்ப்பு நாயோடு எப்படி வாழ்வது என்றே பயிற்சிப் பட்டறைகள் நடத்துகிறது. லிங்கன் பல்கலைக்கழகம் அங்கே நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், நாய் வாங்கிய குடும்பங்களில் பெற்றோரின் மன அழுத்தம், வாங்காதவர்களோடு ஒப்பிடுகையில் குறைந்திருந்தது. வளர்ப்பு நாய்க்குக் கடைக்குள் வர உரிமையில்லை, ஓடும் பிள்ளையை நிறுத்தவும் அதற்குத் தெரியாது. உங்கள் மகனுக்கு அதனால்தான் நான் இதைச் சொல்லவில்லை.

மாமியைப் பற்றி. நிலையத்தினர் வீட்டுக்கு வந்து வீட்டிலுள்ள எல்லோரோடும் பேசுவார்கள், எனவே அவரை மறைத்து விண்ணப்பிக்க முடியாது, கூடவும் கூடாது. ஊரில் நாய்க்குரிய இடம் முற்றம். கடித்தால் ஊசி, குரைத்தால் கள்ளன் என்று வளர்ந்தவர் அவர். சாமியறைத் துடக்கும் உண்டு. வைரவரின் வாகனத்தைக் கும்பிட்டுவிட்டு வந்து வாசலில் நாயைத் துரத்துகிறோமே என்று வாதிடாதீர்கள். நான் முயன்று தோற்றிருக்கிறேன். எனக்குத் தெரிந்த வீடொன்றில் சாமியறைக் கதவை எப்போதும் மூடி வைப்பது, சமையலறை வாசலைத் தாண்டி நாய் வராமல் பழக்குவது, உணவும் படுக்கையும் நிலவறையில் வைப்பது என்று எழுதாத ஒப்பந்தம் போட்டார்கள். நாய் எல்லைகளை மனிதரைவிட ஒழுங்காகப் பேணியது. அந்த அம்மம்மா இன்றுவரை அதைத் தொட்டதில்லை, ஆனால் அதற்குச் சாப்பாடு வைத்தாயிற்றா என்று முதலில் கேட்பவர் அவர்தான். மாமி நாயை நேசிக்க வேண்டியதில்லை, தடுக்காமலிருந்தால் போதும் என்று அவரிடமே சொல்லுங்கள்.

இந்த வாரமே ஒரு கொப்பியை எடுத்து, மகன் ஓடிய ஒவ்வொரு தடவையும் நேரம், இடம், அதற்கு முன் நடந்தது, எவ்வளவு தூரம் போனான் என்பதைக் குறியுங்கள். ஒரு மாதக் குறிப்பு விண்ணப்பத்துக்கு மட்டுமன்றி அவனுடைய சிகிச்சையாளருக்கும் உதவும். கேம்பிரிட்ஜ், ஓக்வில் நிலையங்கள் இரண்டிலும் விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சில காலங்களில் பட்டியலை மூடிவிடுவார்கள், அப்போது மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும். நாய் வரும்வரை அவன் ஓடாமல் இருக்கப் போவதில்லை என்பதால், வாசற்கதவிலும் பின்கதவிலும் திறந்தால் ஒலிக்கும் மணியைப் பொருத்துங்கள், அவன் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள், அயலவர் இருவரிடம் அவன் படத்தையும் உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்து வையுங்கள். அவனை நீச்சல் வகுப்பில் சேருங்கள், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்புக் கிடைத்தால் மிக நல்லது. ஓடும் பிள்ளைகள் பலர் நேராகத் தண்ணீரை நோக்கியே போகிறார்கள், உங்கள் வீட்டிலிருந்து ஏரி தூரமில்லை.